கோழிக் கிறுக்கலும் ஒரு சிரிப்புப் படமும்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பகலெல்லாம் ஆபீஸ் காகிதங்களை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், புருஷன் எழுதியதையும் அவளே அடிக்க வேண்டும். தபால் ஆபீஸ் குமாஸ்தாவான அந்த மனுஷன் ஒரே ஒரு நகைச்சுவைப் புத்தகம் எழுதியிருந்தார். கையெழுத்தா அது? கோழி கிளறிய குப்பை! பாதி வரி புரியாது. கேட்டால் எரிந்து விழுவார். அதனால் புரியாத இடத்திலெல்லாம் தனக்குத் தோன்றியதை அடித்துச் சேர்த்துவிட்டாள். கண்டுபிடித்தால் வீடே ரெண்டுபட்டுவிடுமே என்று புத்தகம் அச்சாகி வரும்வரை நாலு மாதம் பயந்துகொண்டே இருந்தாள். வந்த பிறகும் அவர் மூச்சு விடவில்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறார், என்றைக்காவது "நீ சேத்தது நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பதினெட்டு வருஷம் காத்திருந்தாள், பைத்தியக்காரி.

போன வாரம் அந்தப் புத்தகம் படமாக வந்தது. இருவரும் மதியக் காட்சிக்குப் போனார்கள். திரையில் மேலாளர், "நான் செத்தாலும் இந்த ஃபைல் நகராது போலிருக்கே!" என்று கத்த, குமாஸ்தா, "அவசரப்படாதீங்க சார், ரெண்டுல எது முதல்லன்னு பாத்துடுவோம்" என்றதும் தியேட்டரே அதிர்ந்தது. அவள் எழுதிய வரி. அடுத்த சிரிப்பும் அவளுடையது, அதற்கடுத்ததும். சந்தோஷம் வர வேண்டுமே, வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளியது போல இருந்தது.

மறுநாள் ஒரு வாரப் பத்திரிகை, படத்தையும் புத்தகத்தையும் ஒப்பிட்டு எழுதித் தரும்படி அவரைக் கேட்டது. நாலு பக்கம் கிறுக்கி அவளிடம் நீட்டினார்.

"நல்லா அடி. என் நகைச்சுவையைப் பூரா தூக்கிட்டு, கண்டதையும் சேத்திருக்கானுங்க. அந்த ஃபைல் ஜோக் என் புத்தகத்துலயே கிடையாது."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அச்சான புத்தகத்தை இந்த மனுஷன் ஒரு தடவை கூடப் புரட்டியதில்லை. அலமாரியிலிருந்து அதை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். படித்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, நானா எழுதினேன்? பரவாயில்லையே நான்!"

"அது நான் எழுதினதுங்க. உங்க கையெழுத்து புரியல. படத்துல ஜனங்க சிரிச்ச இடமெல்லாம் நான் எழுதினது."

 அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இது அந்த ஜோக்கை விட நல்லா இருக்கே! இரு, இதையும் கட்டுரையில சேத்துடறேன்."

தாளின் ஓரத்தில் கிறுக்கி அவள் பக்கம் தள்ளினார். அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்த வரியையும் ஒரு எழுத்து பிசகாமல் அடித்தாள்.