பங்குக்குப் போனவருக்குத் தண்டனை

தண்டனை சொன்ன நாளில் யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில் அம்மாவும் அண்ணியும் நானும் இருந்தோம். கூண்டில் அண்ணையும், கஞ்சா மூட்டைகளை ஏற்றிய இன்னொருவரும் நின்றார்கள். சரக்குக்குப் பணம் போட்ட முதலாளி இல்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் தெற்கில் கடை எரிந்து எங்கள் அனலைதீவுக்குத் திரும்பியவர், பொலிஸ் வருமுன்னமே வெளிநாடு போய்விட்டார்.

அண்ணை தெரிந்துதான் அக்கரையான இந்தியாவிலிருந்து மூட்டைகளைக் கொண்டுவந்தார். கூட்டுச்சதிக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிட்டார். எத்தனை வருடம் என்பதுதான் மிச்சம். கூலிக்கு வள்ளம் ஓட்டியதாகச் சொன்னால் இரண்டு வருடத்தோடு போகும் என்று எங்களுக்காக வழக்காடிய அப்புக்காத்து சொல்லியிருந்தார்.

முதல்நாள் மறியல் சிறையில் பார்க்கப் போனபோது அண்ணை மறுத்தார்.

"கூலி எண்டு சொல்ல ஏலாது. நான் பங்குக்குப் போனனான். நீ படிச்சவன்தானே, வடிவா எழுதித் தா."

எங்கள் தீவில் வள்ளக்காரர் கூலி வாங்குவதில்லை. மீனோ சரக்கோ, வந்ததில் ஒரு பங்கு, வராவிட்டால் ஒன்றுமில்லை. கூலிக்குப் போனவன் என்பது வசவு. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அண்ணையின் மானம் என் எழுத்தில் நிற்கவேண்டும் என்று நினைத்தேன். அப்புக்காத்திடம் காட்டாமலே எழுதிக் கொடுத்தேன்.

சொல்ல ஏதும் உண்டா என்று நீதிபதி கேட்டார். அண்ணை நான் எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கித் தடுமாறாமல் சொன்னார். மற்றவர் தான் இருநூறு ரூபாய்க் கூலிக்கு வந்ததாகச் சொல்லி அழுதார்.

"பங்கு வாங்க இருந்தவர் கூலியாள் அல்ல, சதியின் பங்காளி," என்றார் நீதிபதி. மற்றவருக்கு இரண்டு வருடம். அண்ணைக்கு ஏழு வருடம், கூடவே தண்டப்பணமும்.

வெளியே அப்புக்காத்து என்னைப் பார்த்தார். "ஆர் தம்பி எழுதினது?"

"நான்தான் ஐயா."

"நல்ல எழுத்து. அரச தரப்புச் சட்டத்தரணிக்கு வேலையே வைக்கேல்லை நீர்."

விலங்கோடு கொண்டுபோகும்போது அம்மா கேட்டா: "ஒரு சொல்லுத்தானேடா. சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிப்போட்டு வந்து ஊரில ஆரின்ரை முகத்தில முழிக்கிறது, அம்மா?" என்றார் அண்ணை.

அப்புக்காத்திடம் காட்டாதது என் பிழை. அதை மறைக்கமாட்டேன். அண்ணை குற்றமில்லாதவர் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் நீதிபதியின் அந்தக் கணக்கை இன்றும் நான் ஏற்கவில்லை. சரக்கின் விலை அண்ணைக்குத் தெரியாது. வாங்க இருந்தவரைக் கண்டதில்லை. எந்த நாள் போவதென்றுகூட அவர் தீர்மானிக்கவில்லை. இவரா பங்காளி? எல்லாம் தீர்மானித்த முதலாளியின் பெயர் தீர்ப்பில் ஒரு வரியோடு போயிற்று. பொய் சொல்லியிருந்தால் ஐந்து வருடம் குறைந்திருக்கும் என்றால், தலைகுனிய வேண்டியது நாங்கள் அல்ல, அந்தச் சட்டம்தான்.

எங்கள் வள்ளத்தை அரசாங்கம் எடுத்தது. தண்டம் கட்ட அண்ணியின் தாலிக்கொடியும் வீட்டுக் காணியும் போயின. எல்லாமாக எங்களுக்குப் போனது ஏழு வருடமும் எழுபத்தையாயிரம் ரூபாயும்.