மாப்பிள்ளைச் சட்டையும் கட்டிச் சவர்க்காரமும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரண்டு மீன்பிடி வள்ளமும் ஒரு மாடி வீடும் சம்பாதித்தவன் நான். அன்றும் இன்றும் எங்கள் வீட்டில் துணி துவைப்பது மலிவான கட்டிச் சவர்க்காரத்தில்தான். மூத்த மருமகளுக்கு அது பிடிக்காது. என் இளைய மகனின் நிகாஹ் அன்று, விலை கூடிய வெளுப்புத் திரவத்தை வாங்கிவந்து, கிணற்றுத் தண்ணீரில் கலந்து, மாப்பிள்ளைச் சட்டையை ஊறப்போட்டாள். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் கிணற்றில் இரும்பு அதிகம். வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் துருக்கறை திட்டுத் திட்டாக எழும்பிவிட்டது.

புத்தளத்தில் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நிகாஹ். எங்களை ஏற்றிப்போக வந்த வான் வாசலில் நின்றது.

"வேற சட்டை இல்ல மாமா," என்று அழுதாள்.

"அழுதா கறை போகுமா? தேசிக்காயும் உப்பும் கொண்டு வா மகள்."

தேசிக்காயின் புளிப்புச் சாற்றில் உப்பைக் குழைத்துத் தேய்த்து வெயிலில் போட்டேன். கறை அசையவில்லை. மறுபடியும் தேய்த்தேன்.

"வாப்பா, பொண்ணு வீட்டார் போன்ல கோல் எடுக்கிறாங்க," என்றான் மகன், பெனியனோடு நின்று.

இன்னொரு தேசிக்காயை வெட்டித் தேய்த்தேன். ஒருவழியாகக் கறை வெளுத்தது. கட்டிச் சவர்க்காரம் போட்டு, கேனில் இருந்த, இரும்பில்லாத குடிதண்ணீரில் அலசினேன்.

ஓடும் வானின் ஜன்னலுக்கு வெளியே ஈரச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வழியில் பாலாவியில் லொறிகள் புழுதி கிளப்ப, உள்ளே இழுத்தேன்.

"காத்துல விட்டுறாதீங்க வாப்பா."

"வலை இழுத்த கைடா இது."

பள்ளிவாசலில் மகன் அதைப் போட்டபோது கறை இல்லை, கொலர் மட்டும் ஈரம். பெண்ணின் வாப்பா அவனைக் கட்டியணைத்தார்.

"மாப்பிள்ளைக்கு நல்லா வேர்த்திருக்கு," என்றார்.

அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.