ஹாக்கி மைதானத்தில் காக்கா ஓட்டியது

போன வாரம் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் நின்று கத்தினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. என் தம்பி சாப்பாட்டுப் பையைக் கீழேயே வைத்துவிட்டு, அங்கே வந்து நின்ற ஷிப்ட் பஸ்ஸில் வேலைக்கு ஏறிவிட்டான். பஸ் நகர்ந்தது. பையில் கருவாட்டுக் குழம்பு. நான் சமைத்தது வேறு. விட்டுவிட முடியுமா?

கம்பெனிக் காவலாளி தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "இன்னாம்மா இது? லேடீஸ் இப்டிலாம் கத்தக்கூடாது."

இதையே எண்பதுகளில் ஒரு பிரின்சிபால் நல்ல தமிழில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருக்குத் தொப்பி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் குரலுக்கு நான் பொறுப்பில்லை. வடக்குப்பட்டில் எங்களுக்குக் கடலைக் கொல்லை இருந்தது. விதை போட்டு முளை விடுகிறவரை காக்கா கிளறித் தின்னும். விடிந்ததும் தம்பி தகரம் தட்டுவான், நான் "ஹோஓஓய்" என்பேன். தகரம் நாலே நாளில் ஓட்டையாகிவிடும். என் தொண்டை ஆகவில்லை. பக்கத்துக் கொல்லைக் காக்காவும் சேர்ந்து பறந்துவிடும் என்று அந்தக் கொல்லைக்காரர் வருஷா வருஷம் ஒரு முறம் கொத்தவரங்காய் கொடுத்தனுப்புவார். நான் வாங்கிய முதல் சம்பளம் அதுதான்.

அந்தத் தொண்டையோடு கல்லூரிக்குப் போனேன். தண்டலத்துக்குப் பக்கத்தில் அப்போதுதான் முளைத்த கல்லூரி. சுவரில் சுண்ணாம்பு காய்வதற்குள் பூவிருந்தவல்லிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு பகை வந்துவிட்டது. ஹாக்கியில் இரண்டு முறை எங்களை உதைத்து அனுப்பியிருந்தார்கள். வேறு காரணம் வேண்டுமா? ஆட்டம் நடக்கும் நாளில் பெண்களை மட்டும் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கல்லூரி முழுக்க நாங்கள் பதினோரு பேர்தான்.

என் பெஞ்சுக்காரி எஸ்தர், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருகிறவள், பிரின்சிபால் அறைக்கு மூன்று முறை படையெடுத்து அனுமதி வாங்கினாள். நிபந்தனை உண்டு. மைதானத்து ஓரத்தில் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் பதினோரு நாற்காலி. காவலுக்குக் கணக்கு மேடம். கைதட்டலாம், கத்தக்கூடாது. ஒருத்தி கத்தினாலும் அதோடு சரி, இனிமேல் ஒருத்தியும் வரக்கூடாது.

"மத்தவங்களப் பத்தி பயமில்லடி. உன் வாய்தான் பயமா கீது," என்று எஸ்தர் தன் கைக்குட்டையை என்னிடம் கொடுத்தாள். நான் அதை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதற்கு முன் ஹாக்கியை நான் கண்ணால் பார்த்ததில்லை. வளைந்த கம்பும் கையுமாக இருபத்திரண்டு பேர் இறங்கியதும், இவ்வளவு பேரும் சேர்ந்து மேய்க்க ஆடு எங்கே என்று தேடினேன். எஸ்தர் பாடம் எடுத்தாள்: "பந்து நம்ம கோல் பலகைல படக்கூடாது. அவங்க பலகைல படணும். அவ்ளோதான்." அப்படியென்றால் நம் பலகைதான் விதை, வருகிறவன் காக்கா. புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை.

இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோல் போட்டிருந்தார்கள். ஆட்டம் முடிய ஒரு நிமிஷமோ என்னவோ பாக்கி. அவர்கள் பக்கத்து நெட்டையன் ஒருவன் பந்தைத் தள்ளிக்கொண்டு தனியாக வருகிறான். எங்கள் கோல்கீப்பரோ கால் கவசத்தின் வார் அறுந்து, குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறான். விதை போச்சு என்று தோன்றியது. கைக்குட்டை எங்கே போய் விழுந்ததோ தெரியாது.

"ஹோஓஓஓய்!"

நெட்டையன் நின்று வானத்தைப் பார்த்தான். பந்து அவனை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு உருண்டு கோட்டுக்கு வெளியே போனது. நீண்ட விசில். அந்தக் கல்லூரியிடம் நாங்கள் தோற்காத முதல் ஆட்டம்.

அவர்களுடைய கேப்டன் நடுவரிடம் பாய்ந்தான். நடுவர் காதைத் தேய்த்துக்கொண்டே, "கத்தக்கூடாதுன்னு ரூல் புக்குல இல்லப்பா. போயி கை குடு," என்றார்.

ஆனால் கயிற்றுக்குத் தனி ரூல் புக் இருந்ததே. பிரின்சிபால் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "பெண்கள் இப்படிக் கத்தக்கூடாது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு. இல்லையென்றால் இனி உங்களில் யாருக்கும் மைதானம் கிடையாது."

நான் பெரிய கோழை. தனியாக இருந்திருந்தால் மணி மணியான கையெழுத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கதவோரம் எஸ்தர் நின்றாள். "கிரவுண்டு போனா போவுது. மன்னிப்புன்னு எழுதின, பஸ்ல என் பக்கத்துல குந்தாதே."

தாளை வெளியே எடுத்து வந்து எழுதினேன்: 'ஐயா, காக்கா ஓட்டுவது எங்கள் வீட்டு வேலை. காக்கா வந்தது, ஓட்டினேன். மறுபடி வந்தால் மறுபடியும் ஓட்டுவேன்.' கீழே பதினோரு கையெழுத்து. எஸ்தருடையது என் பெயரை விடப் பெரியது.

பிரின்சிபால் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "போங்கள்," என்றார். சிரித்தாரா இல்லையா என்று எஸ்தருக்கும் எனக்கும் இன்றுவரை தகராறு.

அடுத்த ஆட்டத்துக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. போனோம். கயிறு கட்டியிருந்தது. பதினோரு நாற்காலிகளையும் தூக்கிக் கயிற்றுக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். கணக்கு மேடம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தன் நாற்காலியையும் இழுத்து வந்து போட்டார். அன்று நாலு கோலில் தோற்றோம். தொண்டை கட்டுகிறவரை கத்தினோம்.

இப்போது அந்த மைதானத்தில் நாலு மாடிக் கட்டிடம். எங்கள் கடலைக் கொல்லை ஏதோ ஒரு கம்பெனியின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடக்கிறது. அங்கே கிளற எதுவுமில்லாததால் காக்காவும் வருவதில்லை. கயிறும் போய்விட்டது. மற்றதற்கெல்லாம் பெருமூச்சு விடலாம், கயிற்றுக்கு விடமாட்டேன்.

பஸ்ஸைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அது நின்றது. நூறு அடி தள்ளி, அத்தனை ஜன்னலிலும் தலை எட்டிப் பார்க்க, நின்றது. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப்போகிற என் தம்பி மூச்சிரைக்க ஓடிவந்து பையை வாங்கினான்.

"இன்னாக்கா, இன்னும் காக்கா ஓட்டிகினு கீறியா?"

"ஆமாண்டா!" என்றேன். அவன் பக்கத்தில்தான் நின்றான். இருந்தாலும் காவலாளிக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.