பிடிமண்ணில் வந்த பீடம்

மூன்றாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில், இரண்டாகப் பிரிப்பதற்கு முந்தைய பழைய மாவட்டம் முழுக்க இருந்தது. மாஞ்சோலைத் தேயிலை, அருவி, அணை எல்லாம் இருந்தன. நான் வேலை பார்த்த திட்டு மட்டும் இல்லை. கொற்கைக்கு அந்தப் பக்கம், தாமிரபரணி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிற இடத்தில் கிடந்த மண் அது. முப்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரே டீச்சர் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தச்சநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கடைசியில் தோணி ஏறித் தினமும் போய்வந்தேன்.

எனக்கு அப்போது கொழுப்பு கொஞ்சம் அதிகம். புத்தகம் எழுதினவர்களுக்குத் தெரியாவிட்டால் என்ன, நானே எழுதுகிறேன் என்று கிளம்பினேன். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். கிழமேலாக ஒரு மைல் நீளம். மேற்கே பனை, கிழக்கே வாழை. கொற்கையை விட்டுக் கடல் விலகியபோது பிழைப்புத் தேடி வந்தவர்களின் வாரிசுகள் என்று சொல்லிக்கொண்டார்கள். இன்னொன்றும் எல்லா வீட்டிலும் சொன்னார்கள். எத்தனை பெரிய வெள்ளம் வந்தாலும் ஆறு சுடலைமாடன் பீடத்தின் அடியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுமாம்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்த அக்காவின் புருஷன். பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, கட்டிலே கதியென்று கிடந்தவர்.

“டீச்சர், அந்தப் பீடம் அங்கன இருந்ததில்லை. மேக்க, ஆத்தங்கரை மேட்டுல இருந்துச்சு. கரையை ஆறு அறுத்துட்டுப் போச்சு. நாங்கதான் பிடிமண் எடுத்துட்டு வந்து நடுவுல பீடம் போட்டோம்.”

பழைய கோயிலின் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேறிடத்தில் வைத்தால் சாமி அங்கே வந்துவிடும். அது எங்கள் பக்கத்து வழக்கம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் திட்டு சாப்பாட்டுத் தட்டு மாதிரி. விளிம்பு மேடு, நடு பள்ளம். ஆற்றுத் தண்ணீர் நடுவைத் தொடுகிறது என்றால் விளிம்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு தப்பி ஓட வழி இருக்காது. சாமியைக் கொண்டுவந்தவர்கள், மேட்டில் இருந்தபோது சொன்ன வெள்ளக் கணக்கையும் சேர்த்தே பள்ளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

எனக்கு அது அன்றைக்கே புரிந்தது. புரிந்தும் எழுதவில்லை. பாடம் அழகாக முடிய வேண்டும் என்று பார்த்தேன். “வெள்ளம் நம் சுடலைமாடன் பீடத்தைத் தாண்டியதே இல்லை” என்று பள்ளிக்கூடச் சுவரில் நீலப் பெயிண்டில் பெரிதாக எழுதினேன். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் சுவரைக் கெடுத்தேன்.

அடுத்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. காலையிலேயே ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. மேலே அணையைத் திறந்துவிட்டார்களாம் என்று தோணிக்காரர் கத்திக்கொண்டு வந்தார். “ஏலே, பிள்ளையளை முதல்ல ஏத்துங்க! டீச்சர், நீங்களும் ஏறுங்க!” திட்டில் பெரும்பாலோர் ஏற்கெனவே அக்கரை போயிருந்தார்கள், பிள்ளைகளோடு நின்றவர்கள்தான் பாக்கி.

அக்கா சமையல் கொட்டகை வாசலில் நின்றாள்.

“வாங்கக்கா, போயிருவோம்.”

“அவுகளைத் தூக்க நாலு ஆள் வேணும் டீச்சர். தோணியில பிள்ளையளுக்கே இடமில்லை. ஆத்துத் தண்ணி இன்னும் பீடத்துப் பக்கமே வரலையே. பீடத்து அடியைத் தொடட்டும், பொறவு பாக்கலாம். நீங்களே சுவத்துல எழுதிப் போட்டிருக்கீயளே.”

அது தப்புக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரை வந்தது. தோணி ஆடியது, பிள்ளைகள் அழுதார்கள், எனக்கு உயிர்ப் பயம். பயத்தைக்கூட மன்னிக்கலாம். எல்லார் முன்னாலும் நான் எழுதியது பொய் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பாவி நான், “சரிக்கா, அடுத்த நடைக்கு ஆள் அனுப்புதேன்” என்று ஏறிவிட்டேன்.

அடுத்த நடை இல்லை. நாங்கள் கரையேறியதும் தோணிக் கயிறு அறுந்து, தோணியே போய்விட்டது.

மூன்றாம் நாள் மீட்புப் படகில் போனேன். பீடத்தின் தலை மட்டும் சேற்றுக்கு மேலே தெரிந்தது. அக்கா அவரைப் போர்வையில் போட்டுத் தனியாளாகப் பள்ளிக்கூடம் வரை இழுத்து வந்திருக்கிறாள். பெஞ்சு மேல் பெஞ்சு அடுக்கி எப்படியோ ஏற்றிப் படுக்க வைத்திருக்கிறாள். பிறகு வீட்டில் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்துவிடப் போனவள் திரும்பவில்லை. கழிமுகத்துப் பக்கம் உடைமரப் புதரில் கிடைத்தாள்.

அவர் இன்னும் அந்தப் பெஞ்சிலேயே கிடந்தார். எதிரே என் சுவர். தண்ணீர் நின்ற கோடு என் எழுத்துக்கு மேலே இருந்தது. எழுத்து அழியவில்லை, நல்ல பெயிண்ட். நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவகிட்ட நான் சொன்னேன் டீச்சர், பீடம் இடம் மாறுனதுன்னு, பள்ளத்துல இருக்குன்னு. கேக்கலை. ‘எல்லாத்தையும் நீங்க டீச்சர்கிட்ட சொன்னியள்லா? தெரிஞ்சும் டீச்சர் தப்பா எழுதுவாவளா’ன்னு கேட்டா.”