திசைகாட்டி பச்சையான பிறகு

விற்பனைக்கு வரும் வீடுகளை மேலிருந்து படம் பிடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. தரகர்களுக்கு அவள் ‘ட்ரோன் மேடம்’. முகவரி செல்பேசியில் வரும்; சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும். நாளெல்லாம் வாய் திறக்க வேலையில்லை. சில நாள் மாலையில் பால் வாங்கும்போதுதான் தன் குரலே அவள் காதில் விழும்.

அன்றைக்கும் ஆளொழிந்த வீடுதான். மொட்டைமாடியில் ட்ரோனை வைத்துக் கிளப்பப் பார்த்தால், திரையில் சிவப்பு எழுத்து: திசைகாட்டியில் குறுக்கீடு. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். மறுபடியும் சிவப்பு. வேறு வழியில்லாமல் ட்ரோனை விற்ற கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்து, சிவப்பு எழுத்தைப் படித்துக் காட்டினாள்.

“எங்க நின்னு கெளப்புறீங்கக்கா?” என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

அக்கா என்று யாராவது கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று!

“மொட்டைமாடியில நிக்கிறேன்மா. பக்கத்துல தண்ணித் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு.”

“அதான் விஷயம். தளத்துக்குள்ள கம்பி வேற இருக்கும். இரும்புகிட்ட வச்சா அதுக்குத் தலை சுத்திடும்கா. கீழ மண் தரைக்குப் போங்க. வாட்ச்சையும் கழட்டிடுங்க.”

பின்பக்கத் தோட்டத்துக்கு இறங்கினாள். அந்தப் பெண் சொல்லச் சொல்ல, ட்ரோனைப் படுக்கைவாட்டில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். மூக்கு கீழே பார்க்கப் பிடித்து இன்னொரு சுற்று. எழுத்து பச்சையானது.

“சரியாச்சாக்கா?”

“இல்லம்மா, இன்னும் சிவப்பாத்தான் இருக்கு.” பொய் தானாக வந்து விழுந்தது.

அந்தப் பெண்ணும் சலிக்காமல் வேலியோரம் போகச் சொன்னாள், மரத்தடிக்குப் போகச் சொன்னாள். நடுவில் இருமினாள்.

“உடம்பு சரியில்லையா?”

“பேசிப் பேசித் தொண்டை கட்டிக்குதுக்கா.”

“வெந்நீர் குடி. ஐஸ் தண்ணி பக்கமே போகாத.”

“எங்கம்மா மாதிரியே மிரட்டுறீங்க!”

இருவரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து ட்ரோனின் செயலி உரக்கச் சொன்னது: “பறக்கத் தயார்.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது. இவளுக்கு முகம் சுட்டது.

“இன்னொரு தடவை சுத்திப் பாத்துடுவோமாக்கா?” என்றது குரல், மெதுவாக.

சுற்றினாள். “இப்ப சரியாயிடுச்சும்மா.”

“சந்தோஷம்கா. லைன்ல நிறையப் பேரு நிக்கிறாங்க, வச்சிடவா?”

வைத்த கையோடு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் சிக்கல் தீர்ந்ததா? ‘இல்லை’ என்றால் வேறொருவர் அழைப்பாராம். விரல் அதன்மேல் கொஞ்சம் தயங்கி நின்றது. அந்தப் பிள்ளைக்கல்லவா திட்டு விழும்? ‘ஆம்’ என்று அழுத்தினாள்.

வீட்டை நாலு பக்கமும் சுற்றிப் படங்கள் எடுத்தாள். நன்றாகவே வந்திருந்தன. தரகருக்கு அனுப்பினாள். கட்டைவிரல் உயர்த்திய பொம்மைப் படம் ஒன்று பதிலாக வந்தது.