நாலாம் நம்பர் மலையின் கதவு

பெண் பிள்ளைகள் படிக்கும் அரச பாடசாலை ஒவ்வொன்றிலும் அவர்களுக்கென்று கதவும் தாழ்ப்பாளும் உள்ள மலசலகூடம் ஒன்று இருக்க வேண்டும் என்பது சுற்றுநிருபம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்கும் ஒரு பிரதி வந்தது. அதை ஆணியில் மாட்டி வைத்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே இருந்தது. எழுபதுகளின் கடைசிவரை அது தோட்டத்துப் பள்ளிக்கூடம்: நீளமான ஒரு தகரக் கூரை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. பிறகு அரசாங்கம் பொறுப்பேற்றது. பொறுப்பேற்றது என்றால், பெயர்ப்பலகை மாறியது. சில வருடங்களில் வகுப்புகள் ஏறி, பதினாறு வயதில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பவும் அனுமதி வந்தது. என்னை அதிபராக்கினார்கள். அந்த மலையேற வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

பையன்களுக்குக் காடு இருந்தது. பெண் பிள்ளைகள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கித் திரும்பி ஏற வேண்டும். இறங்கியவர்களில் பலர் அன்று ஏறவில்லை. வயதுக்கு வந்த பிறகு சிலர் வரவே இல்லை. முதல் சாதாரண தர வகுப்பில் மிஞ்சிய பெண் பிள்ளை ஒருத்திதான். கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய தாய், கொழுந்தெடுக்கப் போகும் வழியில், முதுகுக் கூடையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சேர், புள்ளைக்குப் பேரு பதியப் போறேங்க."

"பரீட்சைக்கு ஒரு வருஷந்தானே இருக்கு?"

"அதுவரைக்கும் என்னாங்க செய்யும்? காலையில தண்ணி குடிக்காம வருது. அந்திக்கு வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்குது. மலையில நின்னா தேயில மறைவாவது இருக்குதுங்க."

தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்துவிட்டு மறுபடி பள்ளிக்கூடம் வந்த எவரையும் நான் கண்டதில்லை. ஒரு தவணை பொறுக்கச் சொன்னேன்.

கல்விக் கந்தோருக்கு உரிய மேலதிகாரிகள் ஊடாக, பிரதிகளுடன் விண்ணப்பித்தேன். பதில் இல்லாததால் நேரில் போனேன். "காணி தோட்டத்துடையது. அடுத்தவன் காணியில திணைக்களம் குழி தோண்டலாமா, சேர்?" என்றார் அங்கிருந்த லிகிதர். தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையிடம் போனேன். "பள்ளிக்கூடம் உங்கள் திணைக்களத்துடையது. தோட்டம் அதற்கு ஒரு செங்கல் வைக்க முடியாது," என்றார். தோட்டமும் அப்போது அரசாங்கத்தினுடையதுதான். அரசாங்கத்தின் காணியில் அரசாங்கம் அத்துமீறிவிடக் கூடாது என்பதில் அரசாங்கம் மிகக் கவனமாக இருந்தது.

வழி சொன்னவர், மலை என்று இலக்கமிட்டுப் பிரித்த தேயிலைப் பகுதிகளின் வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு.

"பள்ளிக்கூடத்துக்குக் கட்ட ஏலாது. மலைக்குக் கட்டலாம். கொழுந்தெடுக்கிற பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கட்டத் தொரை கையெழுத்துப் போதும். நாலாம் நம்பர் மலை எங்க முடியுது சேர்? ஒங்க செவுத்துல."

அப்படியே எழும்பியது. பலகைக் கதவு, நல்ல தாழ்ப்பாள், கதவில் வெள்ளைப் பெயின்ட்டில் மலையின் இலக்கம். அவள் படிப்பை விடவில்லை. கொழுந்துப் பெண்களும் வந்து வரிசையில் நின்றார்கள்.

"டீச்சரம்மா, ஒரு கூடை கொழுந்தெடுத்துட்டு உள்ள போங்க. இது எங்க கக்கூஸு," என்று ஒருத்தி அவளைச் சீண்டினாள்.

"நீங்க ஒரு கணக்குச் செஞ்சிட்டுப் போங்க அத்தை," என்றாள் அவள்.

பரீட்சைத் தவணையில் நாலாம் நம்பர் மலை கவ்வாத்துக்கு வந்தது. செடிகளை முழங்காலளவுக்கு வெட்டிவிட்டால் மாதக்கணக்கில் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையென்றால் அங்கே பெண்களுக்கு வேலையில்லை. ஒரு காலை கங்காணி இரண்டு ஆட்களோடு வந்து கதவைக் கழற்றினார்.

"என்ன செய்றீங்க?"

"கதவு மலைச் சாமானுங்க சேர். ஏழாம் நம்பர்ல கொழுந்து. வேலை போற எடத்துக்குச் சாமானும் போகணுமில்ல?"

முப்பது வருடம் நடைமுறைகளோடு வாழ்ந்தவன் நான். அவர் சொன்னதில் ஒரு பிழையும் காட்ட முடியவில்லை. கல்விக் கந்தோருக்கு மறுபடி எழுதினேன்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்பே, அவளுடைய தாய் வந்தார். கிளைகள் கிழிக்காமல் இடுப்பில் கட்டும் தடித்த படங்கை அவிழ்த்து, கதவு நிலையில் தொங்கவிட்டார்.

"படங்கு இல்லாம மலைக்கா போறீங்க?"

"கங்காணி கத்துவாரு. கத்தட்டும். நாளைக்கு வேற ஆளு படங்கு வரும்."

வந்தது. நாளுக்கொன்று: ஒட்டுப் போட்டது, அடுப்புத் தீ பட்டது, தேயிலைக் கறையில் கறுத்தது. படங்கில்லாமல் வந்தவர்களைக் கங்காணி தினமும் திட்டினார். ஒரு நாள் அவருடைய மனைவியின் படங்கே அங்கே தொங்கியது.

பரீட்சை முடியும்வரை படங்குகள் தொங்கின. அவள் எழுதினாள்; சித்தியடைந்தாள்; கணக்கில் விசேட சித்தி. உயர்தரம் படிக்க அட்டனில் இடம் கிடைத்தது. தாய் ஒரு நாள் வேலையை விட்டு, பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அன்றைய தபாலில்தான் கல்விக் கந்தோரின் பதிலும் இருந்தது. என் கோரிக்கை பரிசீலனையில் உள்ளதாகவும், இப்பாடசாலையில் பெண் பிள்ளைகள் கற்கிறார்களா என்பதை உடன் உறுதிப்படுத்துமாறும் கேட்டிருந்தார்கள். 'கிடைத்தது' என்ற முத்திரையைக் குத்தித் திகதியிட்டேன்: மே மாத வெசாக் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை.