போட்டி இலக்கம் ஏழும் வங்காளக் கவிதையும்

விளங்காத தமிழில் முழங்கிப் பரிசு வாங்குவதில் பத்து வயதிலேயே எனக்கு நல்ல பெயர் இருந்தது. வீட்டில் நாங்கள் கதைக்கிற தமிழ் வேறு, பேச்சுப்போட்டித் தமிழ் வேறு. முதலாவதில் சோறு, பள்ளிக்கூடம், குளிர்ச்சட்டை எல்லாம் வரும். இரண்டாவதில் மாண்பு, விழுமியம், மங்காப் புகழ் என்று வரும். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அவை வெறும் சத்தங்கள். ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் மேடையேறி, வலது கையை உயர்த்தி, அந்தச் சத்தங்களைப் பிழையில்லாமல் எழுப்புவோம். நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

என் வெற்றிகளின் சூத்திரதாரி அம்மா. மன்னாரில் பள்ளிக்கூட நாட்களில் அவரே பெரிய பேச்சாளராம். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் என்ற ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், மீன் வெட்டும் மேசையில் நின்றபடியே பழைய பேச்சுகளைச் சொல்லிப் பார்ப்பாராம். குளிர் தெரியாமல் இருக்க அதுதான் வழி என்பார். ஒஸ்லோவுக்கு வந்து ரொம்மனில் வீடு எடுத்தபிறகு அந்தத் திறமையெல்லாம் என் தலையில் விடிந்தது. குசினி மேசைக்கு ஒரு பக்கம் நான் நிற்பேன், மறுபக்கம் அம்மா கைக்கடிகாரத்தோடு இருப்பார். தடுக்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுக்கு மேல்மாடியில் பெங்காலி அன்ரி குடிவந்தார். தனி ஆள். வீட்டுக்குள்ளும் தோளில் சால்வை போட்டிருப்பார். அவரும் அம்மாவும் ஒரே நோர்வேஜிய வகுப்பில் படித்தவர்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த அரைகுறை நோர்வேஜிய மொழி மட்டும்தான். அதை வைத்தே பருப்பு முதல் கடவுள் வரை எல்லாவற்றையும் கதைத்து முடித்துவிடுவார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்து கேட்க வெட்கமாக இருக்கும். ஒரு வசனத்தில் வினைச்சொல் இருக்காது, அடுத்ததில் வினைச்சொல் மட்டும்தான் இருக்கும்.

அன்ரி ஒரு கவிஞர் என்பது எங்களுக்குத் தெரியும். அது எப்படிப்பட்ட கவிஞர் என்பது தெரியாது. அவருடைய மொழியில் அதுவரை எந்தப் பெண்ணும் எழுதத் துணியாததை, ஒரு வீட்டின் அறைக்குள் நடப்பதை எல்லாம், அவர் எழுதிவிட்டாராம். அதற்காக ஊரை விட்டே வர வேண்டியதாயிற்று. கணவர் வீட்டார் மகளைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். தாயோடு ரெலிபோனில் கதைக்கவும் விடவில்லை. ஒஸ்லோவில் இருந்த அவருடைய நாட்டவர்கள் சிலர்கூட அவரைக் கடையில் கண்டால் மரக்கறிப் பக்கமாகத் திரும்பிவிடுவார்கள். இவ்வளவும் அம்மா அப்பாவிடம் சொல்ல நான் கேட்டது. எனக்கு அப்போது அது ஒரு கதை மாதிரித்தான் இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் அன்ரி படியில் தடதடவென்று இறங்கிவந்து, செருப்பும் இல்லாமல் எங்கள் வாசலில் நின்றார். அவருடைய புத்தகத்துக்குப் பரிசு. பல நாடுகளின் கவிஞர்களுக்குள் ஒருவரைத் தெரிவுசெய்து கொடுக்கிற பெரிய பரிசு. வங்காள மொழிக்கு அது கிடைப்பது அதுவே முதல் தடவை. அம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் பரிசு என்ற சொல் விளங்கிவிட்டது. பரிசு என்றால் எங்கள் வீட்டில் என்ன செய்வோம் என்பதில் அம்மாவுக்குக் குழப்பமே இல்லை. அன்ரியின் வாயில் சீனியைப் போட்டுவிட்டு உடனே பயிற்சியைத் தொடங்கினார்.

விழாவில் அன்ரி ஒரு கவிதையை வாசிக்க வேண்டும். நோர்வேஜிய மொழிபெயர்ப்பை ஒரு நடிகை வாசிப்பார். அதை வெளிநாட்டு வங்காள வானொலி ஒன்று நேரடியாக ஒலிபரப்பப் போகிறது. அன்ரிக்குப் பரிசைவிட அந்த வானொலிதான் பெரிதாக இருந்தது. அன்றைக்கு அவருடைய மகள் சின்னம்மா வீட்டுக்குப் போவாளாம். அந்தச் சின்னம்மாவுக்கும் ரெலிபோன் எடுத்துக் கொடுக்கப் பயம், ஆனால் துணிந்து வானொலியைப் போட்டுவிடுவாராம். ஐந்து வருடங்களுக்குப் பிறகு தாயின் கவிதை மகளின் காதில் விழும். மூன்று நிமிடம்தான். அதற்குப் பிறகு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே இரண்டு கிழமையாக எங்கள் குசினியில் உலகக் கவிஞர் என் இடத்தில் நின்றார். அம்மா என்னை நடத்துவது போலவே அவரையும் நடத்தினார். தாளைப் பார்க்கக்கூடாது என்றார். கடைசி வரிசையில் இருக்கிறவரைப் பார்க்க வேண்டும் என்றார். சொல் விழுங்கப்படுகிறது, முதலிலிருந்து என்றார். ஒரு சொல்லும் விளங்காத மொழியில் பிழை பிடிப்பதற்கு அம்மாவால்தான் முடியும். அன்ரி சிரித்துச் சிரித்து மறுபடி தொடங்குவார். நான் மேசை மூலையில் கணக்குச் செய்துகொண்டிருப்பேன்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் அன்ரியின் தொண்டை அடைத்தது. அது சாதாரணக் கரகரப்பு இல்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. டொக்டர் வழக்கம்போல நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், இரண்டு கிழமை வாயே திறக்கக்கூடாது என்றும் சொன்னார். விழாவை நடத்துகிற பெண்மணி எங்கள் வீட்டுக்கே வந்தார். உயரமான, மிகவும் அன்பான நோர்வேஜியப் பெண். வங்காளம் தெரிந்த இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தாராம். இருவருக்கும் அன்றைக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. பரவாயில்லை, நடிகை வாசிப்பதே போதும், மிக அழகாக வாசிப்பார் என்று அன்ரியின் கையைத் தடவினார்.

அன்ரி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. பெரியவர்கள் அழுவதை நான் கண்டிருக்கிறேன். சத்தமில்லாமல் அழுவதை அன்றைக்குத்தான் கண்டேன். மகள் வானொலிக்குப் பக்கத்தில் காத்திருக்க, அவளுக்கு விளங்காத நோர்வேஜிய மொழியில் ஒரு நடிகை கதைத்துவிட்டுப் போகப் போகிறார் என்பது எனக்கும் விளங்கியது.

அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. அழுகிறவரைச் சமாதானப்படுத்த எனக்கு வேறொன்றும் தெரியாது. கவிதையின் முதல் வரியைச் சொன்னேன். பிறகு இரண்டாவது. பிறகு நிற்கத் தெரியவில்லை. அன்ரி எங்கே மூச்சு விடுவாரோ அங்கே மூச்சு விட்டு, எங்கே குரலைத் தாழ்த்துவாரோ அங்கே தாழ்த்தி, கடைசிவரை சொல்லிவிட்டேன்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"எடி, உனக்கு இது எப்பிடித் தெரியும்?"

"நீங்கள்தானே அம்மா திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னனீங்கள்."

"நான் அன்ரியை எல்லோ சொல்லச் சொன்னனான்!"

"எனக்கும் கேட்டதுதானே."

அன்ரி எழுந்து வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். உயரமான பெண்மணி, பிள்ளையை எப்படி மேடையில் ஏற்றுவது, மொழியும் தெரியாது, இது சர்வதேச விழா என்று தயங்கினார். அன்ரி என்னைக் காட்டினார். பிறகு மேசையை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அம்மா ஊரில் இருக்கிற மடு மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துவிட்டு என்னைப் பிழிந்து எடுத்தார். அந்த மூன்று நாளும் எனக்குக் கணக்கும் இல்லை, கார்ட்டூனும் இல்லை. நடிகை வாசிக்கப்போகிற நோர்வேஜியத் தாளைத் திருட்டுத்தனமாக வாசித்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். மாண்பு, விழுமியம் ஒன்றும் அதில் இல்லை. தூரத்தில் இருக்கிற ஒரு தாய், தலையை எப்படிப் பின்னுவது என்று மகளுக்குச் சொல்கிறாள். கூந்தலை மூன்றாகப் பிரி, வலப்பக்கத்தை நடுவுக்குக் கொண்டுவா, இறுக்கிப் பிடி, நோகும், விட்டுவிடாதே. இவ்வளவுதான். தலை பின்னுவதற்கா இவ்வளவு பெரிய பரிசு என்று நினைத்தேன்.

விழா நகர மத்தியில் ஒரு பெரிய மண்டபத்தில். பிற்பகல் மூன்று மணிக்கே வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே விளக்கு வெள்ளம். அம்மா தன்னிடம் இருந்த மிக நல்ல காஞ்சிபுரத்தை உடுத்து, அதற்கு மேல் குளிர் ஜாக்கெற்றைப் போட்டிருந்தார். எனக்குக் கண் இழுபடுகிற அளவுக்கு இறுக்கித் தலை பின்னியிருந்தார். நடிகை வாசித்து முடித்தார். உண்மையிலேயே அழகாகத்தான் வாசித்தார். சபை மெதுவாகக் கைதட்டியது. பிறகு என் பெயரைச் சொன்னார்கள்.

மேடை, விளக்கு, ஒலிவாங்கி, முன்வரிசையில் கண்ணாடி போட்ட பெரியவர்கள். இந்த நான்கையும் ஒன்றாகக் கண்டதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. கால்கள் சேர்ந்தன. கைகள் குவிந்தன.

"அவைத்தலைவர் அவர்களே! மதிப்புக்குரிய நடுவர்களே! அன்பான பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் எனது பணிவான வணக்கம். எனது போட்டி இலக்கம் ஏழு!"

கணீரென்று போனது, நேரடி ஒலிபரப்பில், பல நாடுகளுக்கு. இரண்டாம் வரிசையில் அம்மா தலையில் கைவைத்ததைக் கண்டேன். அந்த இலக்கம் போன வருடப் போட்டியில் கிடைத்தது. அன்ரிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் அவர் தன் கவிதையே தொடங்கிவிட்டது போலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்குக் கவிதை திரும்பி வந்தது.

சொன்னேன். கூந்தலைப் பிரிக்கிற இடத்தில் பிரித்தேன், இறுக்குகிற இடத்தில் கையை இறுக்கினேன், நோகும் என்ற இடத்தில் அன்ரியின் குரல் எப்படி இறங்குமோ அப்படி இறங்கினேன். கடைசி வரிசையில் ஒரு சிவப்புத் தொப்பிக்காரரைப் பார்த்தபடி ஒரு சொல்லும் தடுக்காமல் முடித்து, "நன்றி, வணக்கம்!" என்று தமிழிலேயே சொல்லிக் கும்பிட்டேன்.

சபை எழுந்தது. முழுச் சபையும். நோர்வேஜியர்கள் இலேசில் எழுந்து நின்று கைதட்டுகிறவர்கள் இல்லை. அன்றைக்கு எழுந்தவர்கள் இருக்க மறந்துவிட்டார்கள். அன்ரி மேடைக்கு வந்து பரிசை ஒரு கையிலும் என்னை மறுகையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் அப்படிப் பளபளத்ததை நான் முன்பும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. எனக்கோ தலைகால் தெரியவில்லை. அவ்வளவு கைதட்டலும் எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மறுநாள் ஒரு பத்திரிகையில், கவிதையின் பழமையான முன்னுரைப் பகுதி மிகக் கம்பீரமாக இருந்ததாக எழுதியிருந்தார்கள். அம்மா அதை வெட்டி வைத்தார், ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது அன்ரியின் கைத்தொலைபேசி அடித்தது. அன்ரி இலக்கத்தைப் பார்த்தார், காதில் வைத்தார், வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. மறுபக்கத்தில் ஒரு சின்னக் குரல் "மா, மா" என்று கூப்பிடுவது எனக்கே கேட்டது. அன்ரி ஒரு தடவை முயன்றார், இன்னொரு தடவை முயன்றார். பிறகு சட்டென்று தொலைபேசியை என் காதில் அழுத்திவிட்டார்.

அவள் என்னவோ கேட்டாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருக்க வேண்டும். எனக்கு வங்காளத்தில் ஆம், இல்லை என்றுகூடச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்த வங்காளம் எல்லாம் அந்த ஒரு கவிதைதான். ஆகவே அதன் முதல் வரியைச் சொன்னேன். பிறகு அவள் இரண்டாவது வரியைச் சொன்னாள். நான் மூன்றாவதைச் சொன்னேன். நான்காவதிலிருந்து இருவரும் சேர்ந்தே சொன்னோம். அன்ரி என் காதோடு தன் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் கண்ணீர் என் கன்னத்தில் ஒழுகியது. துடைக்க எனக்குக் கை இல்லை, இரண்டு கையாலும் தொலைபேசியைப் பிடித்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம். சபையே எழுந்து கைதட்டிய என் கவிதையை அவளும் ஒரு சொல் பிசகாமல் சொல்கிறாள். சில இடங்களில் என்னை முந்துகிறாள். முடிந்ததும் சின்னம்மா தொலைபேசியை வாங்கினார் போலும். அன்ரி நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு அம்மாவின் காதுக்குள் மூச்சுக்காற்றால் எதையோ சொன்னார்.

ரொம்மனுக்குத் திரும்பும் ரயிலில் அம்மாவிடம் கேட்டேன்.

"அவளுக்கு ஆர் பாடமாக்கிக் குடுத்தது?"

"ஒருத்தரும் குடுக்கேல்லை. அந்த வீட்டிலை தாயின்ரை புத்தகம் வைச்சிருக்க விடமாட்டினமாம். சின்னம்மா வீட்டிலை ஒளிச்சு வைச்சிருந்ததாம். அங்கை போற நேரத்திலை எடுத்து வாசிச்சு, தானே பாடமாக்கினவளாம்."

"போட்டி ஏதும் வைச்சவையோ?"

"இல்லை, பிள்ளை."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரிசு விழாவில் எனக்குத் தந்த சாக்லேட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எனக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு பிள்ளை எதையாவது பாடமாக்கினால், மேசையின் மறுபக்கத்தில் அதைக் கேட்க அம்மா இருப்பார். அவளுக்கோ போட்டியும் இல்லை, நடுவரும் இல்லை, மறுபக்கத்தில் அம்மாவும் இல்லை. அவ்வளவு காலமும் அவள் அதை யாருக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.